சுவரைப் பார்த்த கிண்ணம்

அப்பாவுக்கு மித்சுயே வணங்கி எழுதுவது. தற்காலிகக் குடியிருப்பில் குளிர் தாங்க முடிகிறதா? முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் நான் வேலை பார்க்கும் மண்பாண்டக் கடையில் ஒரு வேடிக்கை. சிகராகிச் சூளையில் சுட்ட தேநீர்க் கிண்ணம் ஒன்று இருந்தது. சூளையின் விறகுச் சாம்பல் மேலே படிந்து உருகி வழிந்து, அதன் முன்பக்கம் அசல் மலைச்சரிவு. நான் தினமும் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.

"ஏம்மா, முகத்தைக் கொண்டுபோய் சுவத்துக்குக் காட்டுறே? அந்தக் காட்சிக்குத்தானே காசு குடுக்கறாங்க!" என்று முதலாளி தொகுனாகா கத்துவார்.

சனிக்கிழமை வந்த அம்மாள் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துச் சொக்கிப்போனார். "அடடா, மழையில மலையே இறங்கி வர்ற மாதிரி இருக்கே! என்ன அமைதி!" சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தேன். அம்மாவை மூடிய மலையும் அப்படித்தான் இறங்கியது என்று சொல்லவில்லை.

தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அலமாரியில் அந்த இடம் காலியாகிவிட்டது, கண் அங்கேயே போகிறது.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். இன்னும் அம்மாவைத் தேடி மேலே போகிறீர்களா? போனால் மலையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மரங்கள் நிற்கிற பின்பக்கத்தை எடுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். முன்பக்கம் வேண்டாம், அப்பா.

மித்சுயே