அந்த வேர்வைக்கு நாம தட்டின கை

கண்ணு, அப்பா மறுபடியும் எக்சர்சைஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாருடா, அதுவும் நான் வாயே திறக்கல, அவரா ரப்பர் பட்டைய எடுத்துக்கிட்டு தையல் மெஷின் பக்கத்துல வந்து நின்னுட்டாரு. நீ சௌக்கியமா, வேளைக்கு சாப்பிடுறியா, நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், உன் குரல்தான் இந்த வீட்டுல குறையுது.

அன்னைக்கு நடந்தது இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குதுடா. எக்சர்சைஸ் சொல்லித்தர்ற நம்ம ஆன்லைன் டீச்சர் லைவ்ல வர்றாங்கன்னா எனக்குத் தலகால் புரியாது, உனக்குத் தெரியும். அந்தக் குஷியில சுகர் மாத்திரை போட்ட மனுஷன ஒரு வாய் சாப்பிட விடாம இழுத்து நிறுத்திட்டேன். அவருக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, நான் என்னடான்னா கொழுப்பு கரையுதுங்க விடாதீங்க, இன்னொரு ரவுண்டுங்கிறேன். நீயும் வீடியோ கால்ல சூப்பர்ப்பான்னு கைதட்டின. அவரு துணி வெட்டுற மேசையப் பிடிச்சபடியே சரிஞ்சாரு பாரு, அப்பதான் எனக்கு உறைச்சுது. அது உழைச்ச வேர்வை இல்லம்மா, சுகர் இறங்கின வேர்வைன்னு டாக்டரம்மா அப்புறம் சொன்னாங்க.

ஆனா அவங்க எக்சர்சைஸ விடச் சொல்லலடா. இவரு போடுற மாத்திரைக்கு வெறும் வயித்துல குதிக்கக் கூடாதாம், சாப்பிட்டு, சுகர் பாத்துட்டு பண்ணணுமாம், நடுக்கம் வந்தா அப்பவே நிறுத்திட்டு இனிப்பு ஏதாச்சும் வாயில போடணுமாம். இப்ப நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறாரு, பட்டைய இழுக்குறாரு, சாப்பாட்டுக்கப்புறம் தெருமுனை வரைக்கும் நடக்குறோம். அப்பா என்னைக் காட்டி, இத்தன வருஷம் மிட்டாய ஒளிச்சு வெச்சவ இப்ப தானே என் சட்டைப் பையில போடுறா, அதுக்கு நான் ஒருதடவ விழ வேண்டியிருந்துச்சுன்னு எதிர்வீட்டுக்காரர்கிட்ட கிண்டல் பண்றாரு. சிரிக்கிறேன், ஆனா மனசு சிரிக்க மாட்டேங்குது.

நீ அன்னையிலேருந்து எக்சர்சைஸ் நேரத்துக்கு கால் பண்றதே இல்ல. அப்பா தினமும் போன மெஷின்மேல சாய்ச்சு வெச்சுட்டு கொஞ்ச நேரம் பாக்குறாரு. எதுக்குன்னு கேட்டா, பையன் வருவான், அவன் இல்லாம எனக்குக் கை ஓடலங்கிறாரு. இன்னொரு ரவுண்டுன்னு கத்துனது நான்டா, உன்மேல ஒரு குத்தமும் இல்ல.

நோய் நொடியில்லாம நீ நல்லா இருக்கணும், ராத்திரி கண்ணு முழிக்காத. இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வீடியோ கால்ல வா, அக்காவையும் இழுத்துட்டு வா. கைதட்டுறதுக்கு முன்னாடி மட்டும், சாப்பிட்டீங்களாப்பான்னு ஒரு வார்த்தை கேட்டுடு.

போன் பக்கத்துலயே உக்காந்திருக்கிற
உன் அம்மா