பொடி விற்ற டாக்டர்

என்னங்க,

போன்ல சொன்னா நடுவுல புகுந்து பேசுவீங்க, அதான் எழுதறேன். நம்ம பொண்ணு என்ன செஞ்சா தெரியுமா?

உங்க அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார். ஏதோ பொடியைத் தண்ணியில கலக்கிக் குடிச்சாலே போதும்னு போன்ல வந்த ஒரு வீடியோவை நம்பிட்டார். "டாக்டரே சொல்றார்ம்மா!"ன்னு ஒரே பிடிவாதம். தலை சுத்தி பாத்ரூம் வாசல்ல சாய்ஞ்சப்புறமும் அதே பேச்சுதான்.

பொண்ணு சண்டையே போடல. லேப்டாப்போட போய் அவர் கட்டில்ல உட்கார்ந்தா. "வாங்க தாத்தா, சேர்ந்து தேடுவோம்"னா. அந்த டாக்டர் பேரைத் தேடினாங்க. பொடியை விக்கிறதே அவர்தான். அவர் சொன்ன ஆராய்ச்சியைத் தேடினாங்க. அப்படி ஒண்ணு எங்கேயுமே இல்ல. அப்புறம் மருத்துவக் கட்டுரைகளைச் சேர்த்து வச்சிருக்கிற நூலகத் தளத்தைத் திறந்தா. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு வரிவரியா தமிழ்ல சொன்னா.

அவரே லேப்டாப்பை மெல்ல மூடினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நம்ம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியாம்மா?"ன்னார்.

போய் வந்தோம். மறுபடி மாத்திரை ஆரம்பிச்சாச்சு, இப்போ நல்லா இருக்கார். எனக்குத்தான் பெருமையில கால் தரையில நிக்கல.

வீடியோவை அனுப்பினது யாருன்னு அவர் வாயே திறக்கல. நானும் சொல்லல. ஆனா இன்னிக்கு ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப, ஷூவை மாட்டிக்கிட்டே பொண்ணு சொன்னா: "தாத்தாவுக்கு எதை அனுப்பறதா இருந்தாலும், அப்பாவை முதல்ல எனக்கு அனுப்பச் சொல்லும்மா. நான் பார்த்துச் சொல்றேன்."

அவ குரல்ல கோபமே இல்லீங்க. இனிமே அவளுக்கே முதல்ல அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க மகளைப் பெத்தவ