நாலு விளக்கு விளையாட்டு

பம்பாய், 1979

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

நான் நலம். உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்குமே, உன் கால் வெடிப்பு தேவலையா?

ஓய்வு நேரத்தில் நானே ஒரு மின்னணு விளையாட்டு செய்தேன். நாலு விளக்குகள் மாறி மாறி எரியும். அந்த வரிசையை நினைவில் வைத்துப் பொத்தான்களை அழுத்த வேண்டும். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும்போது விரல் லேசாகச் சுட்டது, ஆறிவிட்டது. தோற்றால் சேவல்போலக் கூவும்படி மின்சுற்றை அமைத்தேன். அந்தச் சத்தம் கேட்டு, இதுவரை என்னிடம் பேசாத பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். கோட்டக்குப்பம் காதர் பாய் தோற்றுக்கொண்டே, “ஏம்பா சிகாமணி, இன்னொரு வாட்டி போடுப்பா” என்கிறார். அறை முழுக்கச் சிரிப்பு.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. கடிதத்தைப் பெரிதாக எழுது.

அவர்கள் போனபின் எனக்கொரு ஆட்டம், உனக்கொரு ஆட்டம் என்று நானே ஆடுகிறேன். நீதான் ஜெயிக்கிறாய்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
தெய்வசிகாமணி