திருவிழா நாளில் முடிந்த கெடு

அண்ணே,

என் விரலில் இன்னும் முத்திரை மையின் வாசம் இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை, போகவும் வேண்டாம். இன்று காலை உன் வழக்கை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டோம்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதினியிடமே எத்தனை தடவை சொல்வது? அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மாதா திருவிழா அன்று, ஊரே புதுத்துணி உடுத்தி நிற்க, நீ மட்டும் தோணியில் சரக்கு ஏற்றப் போனாய். "சப்பரம் கிளம்புததுக்குள்ள வந்துருவேன். எனக்கும் இடம் பிடிச்சு வையி ஏளா" என்றாய். பிடித்து வைத்திருந்தேன். கயிறு அறுந்து மூட்டைகள் உன்மேல் விழுந்து நீ போய்விட்ட செய்திதான் வந்தது. தோணிக்காரர் ஒரே வார்த்தையில் கதையை முடித்தார்: "அவன்தான் நிக்கக் கூடாத இடத்துல நின்னான்."

அது உன் பிள்ளைகள் காதுவரை வந்தது. அதைப் பொய்யென்று காட்டத்தான் வழக்கு. ஆனால் நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே! உன் ஆண்டு நினைவுப் பூசை முடியட்டும் என்றார்கள். பிறகு தவக்காலம் கழியட்டும், அதன்பின் திருவிழா முடியட்டும். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு என்று வக்கீல் அக்கா முன்பே சொல்லியிருந்தார். இறந்தவர்களுக்குத் திருவிழா அன்று பூசை வைக்க மாட்டார்கள் என்பதால் உன் ஆண்டுப் பூசையை ஒரு வாரம் தள்ளித்தான் வைத்தோம். அந்தத் தேதியே எங்கள் மனதில் உன் தேதியாகப் பதிந்துவிட்டது. வக்கீல் அக்காவிடமும் அதையே சொல்லி வைத்திருந்தேன்.

நேற்று, திருவிழா அன்று, கோயில் வாசலில் கூட்டத்துக்குள் வக்கீல் அக்காவைப் பார்த்தேன். "இதே திருவிழா அன்னைக்குத்தான்க்கா அண்ணன் போனான்" என்று கண் கலங்கினேன். அவர் முகம் மாறியது.

"ஏளா, பூசை வச்ச நாளையா சொன்ன? கோர்ட்டுக்கு இறந்த நாள்ல இருந்துதான் கணக்கு. அப்போ இன்னைக்குத்தான் கடைசி!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை. நீதிமன்றம் பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் போயிற்று என்று அந்தக் கூட்டத்திலேயே அழுதுவிட்டேன். அவரோ சிரிக்கிறார்!

"கடைசி நாள் கோர்ட்டு லீவுன்னா, திறக்குத அன்னைக்குப் போடலாம்ளா. நாளைக்குக் காலையில மதினியக் கூட்டிட்டு வந்துரு. அதையும் விட்டா அவ்வளவுதான்."

எங்களைத் தாமதப்படுத்திய திருவிழாவே எங்களைக் காப்பாற்றியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காலையில் கதவு திறக்குமுன்பே போய் நின்றோம். மதினி கையெழுத்துப் போட்டாள். மனுவில் முத்திரை விழுந்ததும், ஈரம் காயுமுன் நான் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது, "துறைமுகம் வழியாப் போவோம்" என்றாள். இரண்டு வருடமாக அவள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. வாசலில் உன்னோடு வேலை பார்த்த கூட்டாளி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"மதினி, வழக்குப் போட்டாச்சா? அன்னைக்குக் காலையில அவன் தோணி முதலாளிட்ட, 'கயிறு நைஞ்சு கிடக்கு, மாத்துங்க, பயலுவ எல்லாம் பிள்ளைகுட்டிக்காரனுவ'ன்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். வந்து சாட்சி சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவள் கேட்டாள்: "அப்போ அப்பா மேல தப்பு இல்லையா அத்தை?"

இல்லவே இல்லை என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன், அண்ணே. கடைசியாக நீ பேசியது அடுத்தவன் உயிருக்காக. நீதிபதி முன்னால் அது ஒலிக்கும்வரை நான் அதைச் சுமந்துகொண்டு நடப்பேன்.