இழுப்பு மாத்திரை

மாமா,

இன்று பொன்னேரி டாக்டர் எனக்கும் அந்த மாத்திரையை எழுதிவிட்டார். வயதான காலத்தில் எனக்கும் மூச்சிழுப்பு. "மொதல்ல மலம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. வயித்துல புழு இருந்தா இதத் தொடக்கூடாது" என்றார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் நமக்கு இதை யாரும் சொல்லவில்லை. மூச்சு இழுத்துப் படகேற முடியாமல் நீங்கள் கோட்டைக்குப்பம் கரையில் குந்திக் கிடந்தபோது, பொன்னேரியில் ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை அது. மூன்றாம் நாளே வலை இழுத்தீர்கள். "டேய் மச்சான், இன்னாடா இது, இருவது வயசு கொறஞ்ச மாரி கீது" என்று சிரித்தீர்கள். அப்புறம் டாக்டர் எதற்கு? பழைய சீட்டைக் காட்டி நானே ஒரு வருஷம் வாங்கி வந்தேன். உங்கள் முகம் உப்பியபோது அக்கா சமையலின் மகிமை என்று கேலி செய்தேன். அதுவும் மாத்திரையின் வேலையென்று தெரியவில்லை; என் அறிவு அவ்வளவுதான்.

பிறகு வயிற்றுவலி, இருமல், மறுபடி இழுப்பு. "இன்னொண்ணு போடு மாமா" என்றேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காயிற்று.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில், உங்கள் சளியில் புழு இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். ஈரமணலில் வெறுங்காலோடு நடப்பவர்களின் கால் வழியே உடம்பில் ஏறும் புழுவாம். வருஷக்கணக்கில் குடலில் சும்மா கிடக்குமாம். உடம்பின் எதிர்ப்புச்சக்தி விழுந்தால் பெருகி நுரையீரல்வரை பரவிவிடுமாம். "எதிர்ப்புச்சக்திய கொறைக்கிற மாத்திர எதாவது சாப்பிட்டாரா? இழுப்புக்குக் குடுப்பாங்க, சின்னதா, வெள்ளையா இருக்கும்."

 பக்கத்தில் அக்கா உங்கள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள்; அந்தக் கேள்வி அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "நாட்டு மருந்துதாம்மா. வேற ஒண்ணியும் இல்ல" என்றீர்கள். மூச்சுவிடவே திணறியவர், என்னைக் காப்பாற்ற அவ்வளவு பேசினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேறு காரணம் தேடியே அவர்களுக்கு நாள் போயிற்று. நான்காம் நாள் மதியம் நீங்கள் போய்விட்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்றுகூட அக்கா தன் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க ஊட்டுக்காரர கடேசி வரைக்கும் எந்தம்பிதான் பாத்துக்கினான். மாத்திர தீர்றதுக்குள்ள பொன்னேரிக்கு ஓடுவான்." இத்தனை வருஷமும் பெருமையாக இதையேதான் சொல்கிறாள், மாமா. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன்.