நீராவியை அடைத்த பிறகு

ஓல்ட்ஹாம்,
19 பிப்ரவரி 1911

அன்புத் தம்பி வால்டருக்கு,

நான் நலம். உன் தந்தி கிடைத்தது. நான் அடித்த தந்தியில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் மாடியில், நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் எட்வின் கயிற்றறைக்கு எண்ணெய் போடப் போயிருக்கிறார். இஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து கயிறுகள் மாடி மாடியாக ஏறுமே, அந்த இடுக்கு. சட்டைக் கையைக் கயிறு பிடித்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல் சுற்றும் கதிர்கள் வேகம் தளர்ந்துகொண்டே வந்து நின்றதுதான். நூல் எல்லாம் சுருண்டுகொண்டது. "என்னடி, அதுக்குள்ள சாப்பாட்டு நேரமா?" என்று பக்கத்து பிரேம் நெல்லி கேட்டாள். "இருக்காதே" என்றேன். அப்புறம் மேஸ்திரி வந்து என் முகத்தைப் பார்க்காமல் என் பெயரைச் சொன்னார்.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. வந்தவர்களுக்குப் பன்றித்தொடைக் கறி வைத்தோம், மிச்சமில்லை. விசாரணையில் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் தெருவில் வேறு பேச்சு. இஞ்சின்காரர் ஈனோக் லீஸ் டீ குடித்துக்கொண்டிருந்தாராம், கூச்சல் கேட்டும் உடனே நீராவியை அடைக்கவில்லையாம், அடைத்திருந்தால் எட்வின் பிழைத்திருப்பாராம். நீ மான்செஸ்டரில் இதையெல்லாம் படித்தவன். நீராவியை அடைத்தால் இஞ்சின் உடனே நின்றுவிடுமா? எனக்கு எழுது.

நான் இன்னும் அழவில்லை. நெல்லி அதைப் பற்றிக் கவலைப்படுகிறாள்.

உன் அக்கா,
ஆலிஸ்


ட்வேர், ரஷ்யா,
12 மார்ச் 1911

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தானைப் போல ஒருவர் கிடைப்பாரா? மாலை வகுப்பின் கடைசி வருடத்தை முடித்துவிட்டு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தார். பனியில் பாதைகள் அடைபட்டதால் என்னால் புறப்பட முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. இந்த நூலாலையிலும் ஓல்ட்ஹாமில் செய்த பிரேம்கள்தான், ஆனால் துர்க்கிஸ்தான் பஞ்சு குட்டை இழை. காற்று வேறு எலும்பாய்க் காய்ந்திருக்கிறது. நூல் பஞ்சாய்ப் பறக்கிறது. தரையெல்லாம் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வரும் பெண்களுக்காக ஆலையிலேயே ஒரு பள்ளி நடத்துகிறோம். நான் கரும்பலகையில் நூலின் முறுக்கைப் பற்றி விளக்குகிறேன், அவர்கள் என் மீசையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கையால் செய்து காட்ட ஒரு பெண் வேண்டும் என்று மேலாளரிடம் உன் பெயரைச் சொன்னேன். உடனே சரியென்றார்.

வந்துவிடு அக்கா. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா நாள் முழுக்க சமோவாரில் தேநீர் கொதிக்க வைத்திருப்பாள். குளிரே தெரியாது.

இஞ்சின் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் இப்போது உனக்கெதற்கு? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புத் தம்பி,
வால்டர்


ஓல்ட்ஹாம்,
7 மே 1911

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் கம்பளிச் சால்வையும் வந்தன. சால்வை நன்றாக இருக்கிறது.

அதே ஆலைக்குத்தான் போகிறேன். மணியடிக்கிறது, எழுந்து போகிறேன். இழை அறுந்தால் பிணைக்கிறேன். கயிறுகள் ஓடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. கேட்டால் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நெல்லி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஈனோக் லீஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டு ஜன்னல் திரையை விலக்குவதே இல்லை. கடையில் அவர் மனைவி ஹெப்சி வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். "ஆலிஸ், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் முகத்தில் துப்பவேண்டும் போலவும் இல்லை, பேசவேண்டும் போலவும் இல்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன். அடைத்தவுடன் நிற்குமா, நிற்காதா?

ஆலிஸ்


ட்வேர்,
2 ஜூலை 1911

அருமை அக்காவுக்கு,

எவ்வளவு சின்னக் கடிதம் எழுதுகிறாய். முன்பெல்லாம் தெரு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால்கூட ஒரு பக்கம் எழுதுவாய்.

வோல்காவில் இப்போது படகுகள் ஓடுகின்றன. நூலும் நன்றாக வருகிறது. ஹல் துறைமுகத்திலிருந்து செப்டம்பரில் ஒரு கப்பல் இருக்கிறது, எங்கள் மேலாளரின் மனைவி அதில் வருகிறார். அவருடன் உனக்கும் இடம் சொல்லிவிட்டேன். வீட்டைக் காலி செய்து, சாமான்களை நெல்லியிடம் கொடுத்துவிட்டு வா.

பழையதைக் கிளறாதே அக்கா. யார் தவறு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? நீ நிம்மதியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

உன்னை எதிர்பார்க்கும்
வால்டர்


ஓல்ட்ஹாம்,
15 அக்டோபர் 1911

வால்டருக்கு,

கப்பலுக்கு நான் வரவில்லை என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். முன்கூட்டியே எழுதாதது தப்புதான்.

செப்டம்பர் கடைசியில் தொழில்நுட்பப் பள்ளியின் மாலை வகுப்புக்குப் போனேன். எட்வின் படித்த அதே வகுப்பு. வாசலில் ஒரு பையன், "சமையல் கிளாஸ் கீழ்மாடியில, அம்மா" என்றான். "கீழ்மாடியில பாத்துட்டுத்தான் வர்றேன். அங்க இஞ்சினைப் பத்திச் சொல்லித் தர மாட்டாங்களாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹோல்ராய்ட் வாத்தியார் சிரிக்கவில்லை. என் பெயரைக் கேட்டார். ஆக்டன் என்றதும், எட்வினின் மனைவி என்று புரிந்து சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

பஞ்சு, சிக்கெடுப்பு என்று சில வகுப்புகள் போயின. போன வியாழக்கிழமை ஆலைக்கு விசை எப்படி வருகிறது என்பது பாடம். சக்கரத்தையும் கயிறுகளையும் வரைந்தார். நான் கையைத் தூக்கினேன்.

"நீராவிய அடைச்சா உடனே நின்னுடுமா சார்?"

"மிஸஸ் ஆக்டன், இத நான் சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லுங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

"நிக்காது" என்றார். "அந்தச் சக்கரமே ஒரு வீட்டுக் கனம் இரும்பு. மாடி மாடியா ஓடுற தண்டுங்க, கதிருங்க எல்லாம் அதோட சேந்து ஓடுது. நீராவி நின்னாலும் அந்த வேகம் போகாது. எவ்வளவு சீக்கிரம் அடைச்சாலும், அது தானா ஓஞ்சாத்தான் உண்டு. யாராலயும் அத நிறுத்த முடியாதும்மா."

நான் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது லீஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஹெப்சி திறந்தாள். உள்ளே அவர் அடுப்புக்கு முன்னால் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது.

"நீங்க உடனே அடைச்சிருந்தாலும் அது நின்னிருக்காது" என்றேன்.

"உடனேதாம்மா அடைச்சேன்" என்றார். "கூச்சல் காதுல விழுந்ததும் அடைச்சேன். அடைச்சுட்டு, அது சுத்துறதப் பாத்துக்கிட்டே நின்னேன். அவன் அங்க இருக்கான், இது சுத்துது. கையால பிடிச்சுடலாமான்னு தோணுச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. டீ குடிச்சவன் சொல்றான்னு சிரிச்சாங்க."

ஹெப்சி உருளைக்கிழங்கு பொதிந்து சுட்ட மாவுப் பண்டம் வைத்தாள். சாப்பிட்டேன். உப்பு தெரிந்தது. மறுநாள் கடையில் எல்லோரும் இருக்கும்போது, வாத்தியார் சொன்னதை அப்படியே சொன்னேன். நெல்லி தலை குனிந்துகொண்டாள்.

வால்டர், இது உனக்குத் தெரியும். நீ படித்தது இதைத்தான். இரண்டு தடவை கேட்டேன். ஒரு வரி போதும். நீ சமோவாரைப் பற்றி எழுதினாய். ஒரு வயதானவர் எட்டு மாதம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருப்பதற்கு நானும் ஒரு காரணம்.

எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாய் என்று தெரியும். கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. ஆனால் அங்கே வரமாட்டேன். வகுப்பை முடிக்கப் போகிறேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். இதை வாத்தியாரிடம் கேட்க வாய் வரவில்லை. சவப்பெட்டியை மூடியேதான் கொண்டுவந்தார்கள். அந்தச் சக்கரம் சுற்றி ஓயும்வரை அவருக்கு உயிர் இருந்திருக்குமா? தெரிந்தால் எழுது. மழுப்புவதாக இருந்தால் எழுதவே வேண்டாம். இனி எப்போதும்.

ஆலிஸ்


ட்வேர்,
5 நவம்பர் 1911

அக்கா,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இருந்திருக்காது. இங்கே இந்த வசந்தத்தில் ஒருவனை அப்படிப் பார்த்தேன், உனக்கு எழுதவில்லை. கயிறு மேலே தூக்கிக்கொண்டு போய் முதல் தண்டில் அடித்ததும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சக்கரம் சுற்றியது அவனுக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் கயிறு கையைப் பிடித்ததிலிருந்து தண்டில் அடிக்கும் வரைக்கும் தெரிந்திருக்கும். ஒரு மூச்சு இழுக்கும் நேரம். அது தெரிந்திருக்கும், அக்கா.

வால்டர்