கீரிமலை பஸ்ஸில் ஒரு மடி

என்ரை அம்மாவுக்கு,

நாளை மறுநாள் உனக்கு முப்பத்தோராம் நாள் கிரியை. உன் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. மாமா ஒரு பண்டிதரைப் பிடித்து உன்மேல் பத்து வெண்பா எழுதுவித்திருக்கிறார். அதில் நீ அன்னபூரணி, அருந்ததி, இன்னும் என்னவெல்லாமோ. வாசித்தால் நீயே, "ஆரடா உந்த மனிசி?" என்று கேட்பாய்.

நீ பஸ்ஸில் மடி கொடுத்ததைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முதல் ஒரு புதினம். எங்கள் பசு சிவப்பி கன்று போட்டுவிட்டாள், பெட்டைக் கன்று, நாகு. நீ இருந்திருந்தால் முதல் கறக்கிற கடும்புப்பாலை ஊரெல்லாம் கொடுத்துத் தீர்த்திருப்பாய்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் போதும், நிற்கிறவர்களின் கையைப் பார்க்கத் தொடங்கிவிடுவாய். "பிள்ளை, உந்தப் பையை இங்கை தாரும், நான் வைச்சிருக்கிறன்." எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் மற்றவர்கள் ஒரு பை வாங்கினால் நீ நாலு வாங்குவாய். புத்தகக் கட்டு, குடை, வெங்காயப் பை, ஒருமுறை ஒரு கைக்குழந்தை. அது உன் மடியை நனைத்துவிட்டுத் தாயோடு இறங்கிப் போனது. நீ சிரித்துக்கொண்டு இருந்தாய்.

நெல்லியடிக் கலியாணத்துக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? ஆரோ ஒருவரின் மீன்பை ஒழுகி உன் பட்டுச்சேலை ஊறிவிட்டது. கலியாண வீட்டில் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. எனக்கு மானம் போய்விட்டது. "கண்டவை நிண்டவையின்ரை சுமையெல்லாம் உன்ரை மடியிலையோ? உனக்கென்ன விசரே?" என்று பந்தலடியில் வைத்துக் கத்தினேன்.

நீ கிணற்றடிக்குப் போய்ச் சேலையைக் கழுவிக்கொண்டு வந்தாய். திரும்பி வருகிற பஸ்ஸில் இன்னொருத்தியின் பையை வாங்கி வைத்தாய், பாவி! வீடு வரும்வரை நான் உன்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகாவது மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

காடாத்து அன்று நடந்ததைச் சொல்கிறேன், கேள். உன் சாம்பலைப் புது மண்முட்டியில் எடுத்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு கீரிமலைக் கடலில் கரைக்கப் புறப்பட்டோம். மருதனார்மடத்தடியில் கார் நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. "கீரிமலையிலை பாத்துக்கொண்டு நிக்கிற ஐயரை மினக்கெடுத்தக் கூடாது. நீ பஸ்ஸிலை போ, நாங்கள் இதைத் திருத்திக்கொண்டு வாறம்" என்றார் மாமா.

கீரிமலை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து இருக்கையில் ஒரு நடுத்தர வயது மனிசி, மடியில் பூவும் தேங்காயும் வைத்த ஓலைப்பெட்டி. கோயிலுக்குப் போகிறாள் என்று தெரிந்தது.

"தம்பி, உதை இங்கை தாரும்" என்றாள்.

"வேண்டாம் அக்கா, பாரமில்லை."

"பாரமில்லாட்டி எனக்கென்ன கரைச்சல்? தாருமன்."

அந்த நேரம் பார்த்துச் சாரதி பிறேக் அடித்தான். நான் சரிந்து போக, அவள் பையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? ஓலைப்பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். சாமிக்குக் கொண்டுபோகிற பூ, உன்மேல்!

நான் என்ன செய்ய? சொன்னால் சாவுத் துடக்கு, தீட்டு என்று பஸ்ஸே கலையும், என்னை நடுவழியில் இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த மனிசி அதே பூவோடு கோயிலுக்குள் போவாள். சுன்னாகம் தாண்டும்வரை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பொறுக்கமுடியாமல் அவள் காதடியில் குனிந்தேன்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அது எங்கடை அம்மா. சாம்பல் கரைக்கக் கொண்டுபோறன்."

அவள் பையைக் குனிந்து பார்த்தாள். நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"என்ன வருத்தம் அம்மாவுக்கு?"

"நெஞ்சு வருத்தம். நித்திரையிலையே போட்டா."

"நல்ல சாவு" என்றாள். பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துப் பையைப் போர்த்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கள் கோயிலுக்கெல்லோ போறியள்?"

"கேணியிலை தலை முழுகிப்போட்டு நாளைக்குப் போவன். கோயில் எங்கையும் ஓடாது. நீர் கம்பியை வடிவாப் பிடிச்சுக்கொண்டு நில்லும், விழப்போறீர்."

எந்த ஊர், ஆருடைய ஆட்கள் என்று அவள் கேட்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்படியும் ஒரு மனிசி! நானும் அவள் பெயரைக் கேட்க மறந்துபோனேன். கீரிமலையில் இறங்கும்போது உன்னை என் கையில் தந்துவிட்டு, ஓலைப்பெட்டியிலிருந்த பூவையும் அள்ளித் தந்தாள். "இது இனிச் சாமிக்கு ஆகாது. அம்மாவோடை விடும்" என்றாள்.

செவ்வரத்தம்பூவும் நந்தியாவட்டையும் உன்னோடு கடலில் போயின, அம்மா. அப்போதுதான் நான் அழுதேன். சுடலையில்கூட அழவில்லை.

எங்கள் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை, வீட்டுவாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். உன்னை அதற்கு அப்பாலும் ஒருத்தி மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எத்தனையோ பேரின் சுமையை வைத்திருந்த நீ, கடைசியில் ஒரு முகம் தெரியாதவளின் மடியில் இருந்தாய். அவளுக்கு விசர் என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

இனி பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தால் முதலில் கையை நீட்டுவேன். மீன்பை என்றாலும் வாங்குவேன். ஒழுகினால் வீட்டுக்கு வந்து, நீ கழுவியதுபோல நானும் கிணற்றடியில் கழுவுவேன். அன்று பந்தலடியில் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அப்போது எடுத்துக்கொள்.

உன் மடியை முதன்முதல் நனைத்த,
உன்ரை மகன்.